பெரிய தலைக்கு ஒரு ஹெல்மெட்

அந்த ஹெல்மெட்டில் டிங்கருக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவருடைய பிரச்சினை.

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். குனிந்தார். நிமிர்ந்தார். நனைந்த நாய் மாதிரி தலையை உதறினார். ஹெல்மெட் அசையவில்லை. ஆரஞ்சு நிறம். இரண்டு காதுக்கும் மூடி, உள்ளே மெத்தை, மோவாய்க்குக் கீழே வார், பின்மண்டையில் ஒரு திருகு. திருகை ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், இன்னொரு பக்கம் திருப்பினால் தளரும். அவர் தலையை வைத்து வார்த்த மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

எந்தச் சாமானும் முதல் தடவையிலேயே இப்படிச் சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்தால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அர்த்தம்.

"எப்படி இருக்கு?" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள் மனைவி.

"நெத்தியில அழுத்துது."

"திருகைத் தளர்த்துங்க."

"தளர்த்தினா ஆடுது."

"எங்க, ஆட்டுங்க பார்ப்போம்."

ஆட்டினார். ஆடவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். "ஞாயித்துக்கிழமை ஜம்முனு கடல்ல எறங்கலாம். நான் முன்வரிசையில நின்னு பார்க்கறேன்."

கடல் என்ற சொல்லைக் கேட்டதும் டிங்கர் கண்ணாடியை விட்டு நகர்ந்துகொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்தாலே இரண்டடி தள்ளி நிற்கிற ஆள்.

நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். அதனால் பட்டறைக்கு வருகிறவர்கள் டிங்கர் என்றார்கள், தெரு அதைப் பிடித்துக்கொண்டது, கடைசியில் சொந்தக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தொழிலில் அவர் கை சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை கெட்டது அந்த வாயால்தான்.

மகள் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை கடற்கரையில் ஒரு கொட்டகை போட்டு விண்ட்சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கிறவர். ஒரு நீளமான பலகை, அதன் நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். காற்று பாயைத் தள்ளும், பாய் பலகையைத் தள்ளும், பலகைமேல் நிற்கிற ஆள் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருக்க வேண்டும். பிடி தவறினால் கம்பம் தலைமேல் விழும், இல்லாவிட்டால் தலை பலகைமேல் விழும். இதற்குப் பேர் விளையாட்டு. இதைக் கற்றுக்கொள்ள ஆட்கள் வரிசையில் வேறு நிற்கிறார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். இந்த வயதிலும் தலைக்குக் கறுப்பு மை அடித்து, சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டே, "இதெல்லாம் நான் அந்தக் காலத்துலயே பண்ணிட்டேன். ஒரு கையில பாயைப் புடிச்சா அக்கரைக்குப் போயிட்டு வந்துடுவேன்," என்றார்.

சும்மா கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். டிங்கரால் முடியவில்லை.

"நானும்தான் சம்பந்தி," என்று சொல்லிவிட்டார். "துறைமுகத்துப் பட்டறையில இருந்தப்போ தினமும் சாயங்காலம் இதுதான் நமக்குப் பொழுதுபோக்கு."

மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"எங்கப்பாவா? பாருங்களேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை!" என்று மாமியாரிடம் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த பெருமைதான் டிங்கரைக் கட்டிப்போட்டது. அவள் புகுந்த வீட்டில் ஆளுக்கொரு சாகசக் கதை வைத்திருந்தார்கள். ஒருத்தர் மலையில் பஸ் ஓட்டியவர், ஒருத்தர் புயலில் படகு ஓட்டியவர். இவள் அப்பா மட்டும், அவர்கள் ஓட்டி மோதியதைத் தட்டி நிமிர்த்துகிறவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் 'எங்கப்பா' என்று தொடங்கி ஒரு பேச்சும் பேசி அவர் கேட்டதில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. "அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பெரியவங்களும் எறங்குங்க. மிதக்கற சட்டை எல்லா சைஸ்லயும் இருக்கு மாமா. ஹெல்மெட்தான், இங்க வர்றதெல்லாம் சின்னப் பசங்க, உங்க ரெண்டு பேர் தலைக்கும் சேராது. நீங்களே ஒண்ணு பார்த்து வாங்கிக்கங்க. ஹெல்மெட் இல்லாம நான் யாரையும் பலகையில ஏத்தறதில்லை. அப்பாவா இருந்தாலும் சரி, மாமாவா இருந்தாலும் சரி."

"எனக்கு எதுக்குக் கடை? பழசு ஒண்ணு பரண்ல இருக்கு," என்றார் சம்பந்தி.

டிங்கர் அந்த 'ஹெல்மெட் இல்லாம ஏத்தறதில்லை'யை இறுகப் பிடித்துக்கொண்டார். முட்டி வலி என்று சொன்னால் சம்பந்தி சிரிப்பார். காய்ச்சல் என்றால் மகள் மருந்தோடு வந்து நிற்பாள். ஆனால் சரியான ஹெல்மெட் கிடைக்காததால் இறங்கவில்லை என்றால்? அது பயம் இல்லை, கொள்கை. கொள்கையைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

அந்தத் தைரியத்தில்தான் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெரிய தலைக்கா? எடுத்துட்டுப் போய் வீட்ல போட்டுப் பாருங்க. சேரலைன்னா திருப்பிக் குடுங்க," என்றாள். திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்கிற கடைக்காரன், ஏற்கெனவே யாரோ திருப்பிக் கொடுத்ததைத்தான் விற்கிறான் என்பது டிங்கர் கண்ட அனுபவம். எப்படியும் நொள்ளையாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கையோடு எடுத்து வந்தார்.

அந்த நம்பிக்கைதான் இப்போது கண்ணாடி முன்னால் மண்ணாகப் போனது.

குறை இல்லையென்றால் குறையை உண்டாக்க வேண்டியதுதான். பட்டறைக்கு எடுத்துப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திருப்புளியை எடுத்துப் பின்பக்கத் திருகுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. திருகு தெறித்து மூலையில் போய் விழுந்தது. தொழிலில் அவர் இப்படி வேண்டுமென்றே எதையும் கெடுத்ததில்லை. தெரியாமல் கெடுத்ததுண்டு.

கடைக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீட்டினார்.

"இது என்னம்மா, கை வெச்சதும் கழண்டு வருது. இதைப் போட்டுக்கிட்டு நான் கடல்ல எறங்கவா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க, பார்க்கலாம்."

"உங்க ரிப்பேர்காரனால இதெல்லாம் ஆகாதும்மா."

"நாளைக்கு வாங்க," என்றாள் செல்போனிடம்.

மறுநாள் டிங்கர் போகவே மாட்டேன் என்றார். மனைவி விடவில்லை. "சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. அவரு தயாராயிட்டாராம். நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. போய் வாங்கிட்டு வாங்க," என்று துரத்தினாள்.

போனார். ஹெல்மெட் தயாராக இருந்தது. திருகு இருந்த இடத்தில் இப்போது ஜாடி மூடி மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் வட்டம். யாரோ பசை போட்டு, கம்பி கொடுத்து, அசைக்க முடியாதபடி முடுக்கியிருந்தார்கள். பழைய திருகைவிட நன்றாகத் திரும்பியது. டிங்கருக்கு அழுகை வந்தது.

ஆனால் மோவாய் வாரைப் பிடித்து இழுத்தபோது அது கையோடு வந்துவிட்டது. பாதியில் அறுந்திருந்தது. கொக்கியையும் காணோம்.

டிங்கருக்கு ரிப்பேர்காரன்மேல் அளவில்லாத அன்பு பொங்கியது. ரிப்பேர்காரன் என்றால் இப்படித்தான் இருப்பான். ஒன்றைச் சரி பண்ணும்போது இன்னொன்றைக் கெடுத்துவிடுவான். டிங்கரே கதவை நிமிர்த்தக் கொடுத்த காரில் கண்ணாடியை உடைத்து அனுப்பியிருக்கிறார். தொழிலின் இயல்பு அது.

வீட்டுக்கு வந்து, "பார்த்தியா லட்சணத்தை? வார் அறுந்து கிடக்கு. வார் இல்லாத ஹெல்மெட் அலையில மிதந்து போயிடும். எனக்கு எறங்கணும்னு ஆசைதான். என்ன செய்யறது, கம்பெனி சரியில்லை," என்று பெருமூச்சு விட்டார்.

"குடுங்க இப்படி."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

பழைய பள்ளிக்கூடப் பையின் தோள்வாரைக் கொக்கியோடு வெட்டினாள். சிவப்பு நூலைக் கோத்தாள். மிஷினை மிதித்தாள். டிங்கர், "ஏய், அதைத் தொடாதே, கம்பெனி சாமான், திருப்பி எடுக்க மாட்டான்," என்று கத்தி முடிப்பதற்குள் வார் தைத்து முடிந்திருந்தது.

"மாட்டி இழுத்துப் பாருங்க," என்றாள். இழுத்தார். கழுத்துதான் வந்தது.

"உனக்கு என்ன வந்துச்சு? புருஷன் கடல்ல போறானேன்னு ஒரு கவலை வேண்டாமா?"

"கவலைப்பட்டுத்தானே தைக்கறேன்? கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க வாயைக் கேட்டாச்சு. ஒரு நாளாவது கை காலையும் பார்க்கணும்ல? பாயில ஏறி நிப்பீங்களாம். பாயில படுத்தா எழுப்பறதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

அப்போது செல்போன் அடித்தது. சம்பந்தி.

"என்ன சம்பந்தி, ஹெல்மெட் ரெடியா?"

"நமக்கென்ன சம்பந்தி, ரெடி," என்றார் டிங்கர். மனைவி பக்கத்திலேயே நின்றாள். "உங்களுது?"

"எனக்கென்ன, பழகின ஹெல்மெட். தலையில வெச்சா அதுவே உட்கார்ந்துக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காத்து எப்படி இருக்கும்னு கேட்டீங்களா? பேப்பர்ல மழைன்னு ஏதாவது போட்டிருக்கா?"

"பார்த்தேன் சம்பந்தி. வெயில்னுதான் போட்டிருக்கான்."

"பேப்பர்காரன் சொல்றதை எப்படி நம்பறது?"

"அதைச் சொல்லுங்க," என்றார் டிங்கர். இத்தனை நாளில் சம்பந்தி சொன்னதில் அவர் மனதார ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

அடுத்து மெத்தை. அது இல்லாமல் ஹெல்மெட் வெறும் ஓடு. நெற்றிப் பக்கத்து மெத்தையைக் குறடு போட்டுப் பிய்த்து, துண்டு துண்டாகக் கிள்ளிக் குப்பையில் போட்டார். கடைக்கு எடுத்துப் போய், "தானா உதிருது," என்றார்.

"வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க," என்றாள் அந்தப் பெண். அவள் உதட்டோரத்தில் ஏதோ இருந்த மாதிரி இருந்தது. செல்போனில் ஏதாவது வேடிக்கை பார்த்திருப்பாள்.

மறுநாள் நெற்றியில் புது மெத்தை இருந்தது. குளியலறை வாசலில் போடுகிற மிதியடியிலிருந்து வெட்டியது என்பது தொட்டதுமே தெரிந்தது. அளவு பார்த்து வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டி, பழையதைவிடச் சொகுசாக இருந்தது. ஆனால் இடது காதின் மூடியைக் காணோம். உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக ஏதோ ஈஷிக் கிடந்தது.

'கிரீஸ் கையோட தொட்டிருக்கான்,' என்று நினைத்துக்கொண்டார் டிங்கர். 'வண்டி ரிப்பேரும் இவன்தான் பார்ப்பான் போல.' காது மூடியைத் தொலைத்ததற்காக அவனை மனதார வாழ்த்தினார்.

"ஒரு காது திறந்து கெடக்கு," என்று வீட்டில் சொன்னார். "தண்ணி ஒரு காதுல பூந்தா மூளைக்கு ஏறிடும்."

"ஏறறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. பூப்போட்ட பழைய தலையணை உறையை நாலாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, வெள்ளைப் பட்டன் போட்டுக் காது மூடி தைத்தாள். கறுப்பை ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "கிரீஸ் மாதிரி இல்லையே," என்றாள்.

"நீ கிரீஸைக் கண்டியா? நான் அதுலயே பொழுதைக் கழிச்சவன்," என்றார் டிங்கர்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் கவனமாக இருக்க வேண்டும். டிங்கருக்கு அன்றைக்கு அதற்கெல்லாம் மனது இல்லை. சனிக்கிழமை வந்துவிட்டது.

காலையில் ஹெல்மெட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போய், இரும்புத் திட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். மரச் சுத்தியலை எடுத்தார். ஒரு போடு போட்டார். சுத்தியல் எகிறி அவர் தோளிலேயே வந்து விழுந்தது. இன்னொரு போடு. ஹெல்மெட் சிரிக்கிற மாதிரி அப்படியே இருந்தது. "உடைஞ்சு தொலையேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த வாரம் பூராவும் சேர்ந்த ஆத்திரம் அத்தனையும் சுத்தியலில் இறங்கியது.

மூச்சு வாங்கத் திரும்பினால், பம்பர் சரி பண்ண வந்த டாக்சி டிரைவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து, செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குய்யா படம் எடுக்கறே?"

"சூப்பர் அண்ணே! நாளைக்குக் கடல்ல எறங்கறீங்களாமே? என்ன டெஸ்ட்டு! இந்த மாதிரி யாரு பார்த்து வாங்கறா?" என்றார் டிரைவர். அதற்குள் அது எங்கெங்கேயோ போய்விட்டிருந்தது.

டீ குடித்து முடிப்பதற்குள் மகள் போனில் வந்தாள்.

"அப்பா! பார்த்தேம்ப்பா! இவரு அதை விண்ட்சர்ஃபிங் ஸ்கூல் பேஜ்ல போட்டுட்டாரு. ஹெல்மெட்டை எப்படிப் பார்த்து வாங்கணும்னு எங்க மாமாகிட்ட கத்துக்கங்கன்னு எழுதியிருக்காரு. எத்தனை பேரு பார்த்திருக்காங்க தெரியுமா? நாளைக்கு நீங்க எறங்கறதைப் பார்க்க ஒரு கூட்டமே வருது."

"கூட்டமா?"

"ஆமாப்பா. நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்கப்பான்னு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

டிங்கர் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போதே நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தையும் மகளுடைய குரல் தின்றுவிட்டது. எழுந்து டாக்சி டிரைவரிடம் போனார்.

"தம்பி, வண்டியை ரிவர்ஸ் எடு."

"எதுக்கு அண்ணே?"

"பின்சக்கரத்தை இது மேல ஏத்து."

டிரைவர் அவரை உற்றுப் பார்த்தார். "இதுவும் டெஸ்ட்டா அண்ணே?"

"இதுதான் கடைசி டெஸ்ட்டு. படம் எடுக்காம பண்ணு."

சக்கரம் ஏறி இறங்கியது. டிங்கர் ஓடிப் போய் எடுத்தார். உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு விரிசல். அழகான, ஆழமான, ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாத விரிசல். ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஃபெயில்!" என்றார் சத்தமாக. "பாவம், ஃபெயில் ஆயிடுச்சு."

கடையில் அதைக் கவுண்டர்மேல் வைத்தபோது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிட்டிருந்தது.

"முடிஞ்சு போச்சும்மா. இதை உங்க ரிப்பேர்காரன் இல்லை, அவங்க அப்பனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "வெச்சுட்டுப் போங்க."

"வெச்சுட்டுப் போறேன். ஒருவேளை சரியாச்சுன்னா," என்று டிங்கர் தாராளமாகக் கையை வீசினார், "நாளைக்குக் காலையில கடற்கரைக்கே கொண்டு வந்து குடு. நான் எறங்கறதுக்கு ரெடி. எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது."

"கண்டிப்பாங்க," என்றாள் அவள். முதல்தடவையாகச் செல்போனைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. பாய்கள் எல்லாம் கரையில் படபடத்துக்கொண்டிருந்தன. மகள் சொன்ன கூட்டம் நிஜமாகவே வந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டு பலகைகளைத் தண்ணீர் ஓரத்தில் தயாராக வைத்திருந்தார். டிங்கர் மிதக்கிற சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, இழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு மணலில் நடந்தார். கூடவே மனைவி, கையில் ஒரு பெரிய துண்டோடு வந்தாள். துவட்டிவிடுவதற்காம்.

எதிரே சம்பந்தி வந்தார். அவரும் மிதக்கிற சட்டை போட்டிருந்தார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

"எங்க சம்பந்தி உங்க ஹெல்மெட்?" என்றார் டிங்கர்.

"அதை ஏன் கேக்கறீங்க? நேத்து எடுத்துப் பார்க்கறேன், பரண்ல எலி கடிச்சு வெச்சிருக்கு. உங்களுது?"

"கடையில ரிப்பேர்ல இருக்கு சம்பந்தி. அங்க ஒரு ரிப்பேர்காரன் இருக்கான் பாருங்க, அவன் மாதிரி ஒரு தறுதலையை நான் பார்த்ததே இல்லை. ஒண்ணைச் சரி பண்ணா ஒண்ணைக் கெடுக்கறான்."

சம்பந்திக்குப் புரையேறியது. கொஞ்ச நேரம் இருமினார். "அப்படித்தான் இருப்பானுங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"என்ன காத்து பாருங்க சம்பந்தி! வீணாப் போகுதே," என்றார் டிங்கர்.

"மனசு கெடந்து அடிச்சுக்குது. ஆனா ரூல்னா ரூல்தானே?"

"நாமளே ரூலை மீறினா சின்னப் பசங்க என்ன நெனைப்பாங்க?"

"அதானே!"

சம்பந்தி டிங்கரின் தோளில் கை போட்டார். கல்யாணத்தில்கூட அப்படிப் போட்டதில்லை. இவ்வளவு நல்ல மனுஷரையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று டிங்கருக்கு மனசு இளகியது. மாப்பிள்ளை முகம் வாடிப் போய், "என்னப்பா, என்ன மாமா, ரெண்டு பேருமேவா?" என்று நின்றார். மகள் டிங்கரைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவள் பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான். அந்தப் பார்வையை ஒரு வாரத்தில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று டிங்கர் கணக்குப் போட்டார்.

அப்போது ரோட்டோரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கடைப் பெண் ஒரு துணிப்பையோடு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் கால் புதைய நடந்து வந்தாள்.

டிங்கர் ஓரடி பின்வாங்கினார். அவர் தோளில் இருந்த சம்பந்தியின் கை திடீரென்று கனத்தது.

அவள் பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். பின்னால் ஜாடி மூடித் திருகு. கீழே பள்ளிக்கூடப் பை வார், சிவப்பு நூல் தையல். ஒரு காதில் பூப்போட்ட தலையணை உறை. உச்சியிலிருந்து நெற்றி வரை ஓடிய விரிசலைக் காணோம். அதற்குள் பசையை ஊற்றி இறுக்கி, மேலே வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சதுரம், நடுவில் சிவப்பாக ஒரு 'எல்'. டிரைவிங் ஸ்கூல் கார்களில் ஒட்டுகிற ஸ்டிக்கர்.

"இந்தத் தையல் என்னோடது," என்றாள் டிங்கரின் மனைவி.

"ஸ்டிக்கர் நான் ஒட்டினது," என்றாள் சம்பந்தியம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து.

இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புருஷன்மார்களைப் பார்த்தார்கள். சம்பந்தி கையைத் தோளிலிருந்து எடுத்து, மை அடித்த முடியை மெதுவாகக் கோதிக்கொண்டார். விரல் கறுப்பாகியது.

டிங்கர் ஹெல்மெட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லைம்மா, உங்க ரிப்பேர்காரன் கெட்டிக்காரன்தான்," என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"எங்க கடையில ரிப்பேர்காரன்னு யாருமே கிடையாதுங்க," என்றாள் கடைப் பெண், சம்பந்தியைக் கை காட்டி. "பெரிய தலைக்கு இருக்கறதே இந்த ஒண்ணுதான். நீங்க உடைச்சு வெச்சுட்டுப் போனா அவரு எடுத்துட்டுப் போறாரு, அவரு வீட்டம்மா சரி பண்றாங்க, அவரு உடைச்சு வெச்சுட்டுப் போனா உங்க வீட்டம்மா சரி பண்றாங்க. ரெண்டு பேரும் கடற்கரைக்கே கொண்டு வரச் சொன்னீங்க, கொண்டு வந்துட்டேன். இப்ப சொல்லுங்க, இதை யாரு தலையில கட்டறது?"